கத்திரி வெயிலும் கார்பன் கணக்கும்: வேலூர் பக்கம் நாலு நாள்

முதல் நாள், வியாழன். காட்பாடி, சத்துவாச்சாரி

கத்திரியில எவனாச்சும் வேலூருக்கு டூர் போவானானு ஆபீஸ்ல சிரிச்சாங்க. டூர் இல்லங்க, அக்கா வீடு. மாமா கூப்ட்டாரு. அவரு ஆம்பூர்ல ஒரு ஷூ கம்பெனியில அக்கவுண்ட்ஸ், சம்பளம், பிஎஃப், ஜிஎஸ்டினு முப்பது வருஷமா பாத்த மனுஷன், போன வாரம் ஃபோன் பண்ணி "டேய், ஜெர்மனிக்காரன் புகைக்கு கணக்கு கேக்குறான்டா, நீதான் கிளைமேட்டு அது இதுனு எப்பப் பாத்தாலும் படிச்சிகினு இருப்பியே, ரெண்டு நாள் வந்துட்டுப் போ" ன்னாரு. சரி லீவு போட்டாச்சு, பிருந்தாவன்ல ஏறியாச்சு.

ட்ரெயின்ல மாமா அனுப்பின ஃபார்மை (அவங்க கிட்ட ஷூ வாங்குற ஜெர்மனி பையரு, ஷூ செய்யறதுல எவ்ளோ புகை வருதுன்னு கேட்டு அனுப்பினது) மொபைல்ல திறந்து பாத்துட்டு எனக்கு வந்தது கடுப்புதான். பூமி சூடாவுறதை தடுக்கணும்னு உலக நாடுங்க 1992ல ரியோவுல கூடினாங்க, 1997ல கியோட்டோ, 2009ல கோபன்ஹேகன், 2015ல பாரிஸ். கியோட்டோ ஒப்பந்தத்துல அமெரிக்கா கையெழுத்து போட்டுச்சு ஆனா கடைசி வரைக்கும் அதை உறுதி பண்ணல, கனடா பாதியில எழுந்து போயிடுச்சு, பாரிஸ்ல இருந்து அமெரிக்கா 2020ல வெளிய போய், 2021ல உள்ள வந்து, 2025ல மறுபடியும் வெளிய போறேன்னு லெட்டர் குடுத்துச்சு. இவ்ளோ கூத்துக்கு நடுவுல நிலக்கரி, பெட்ரோல், கேஸ் இதெல்லாம் எரிக்கிறதால வர்ற கார்பன் டை ஆக்சைடு 1990ல வருஷத்துக்கு சுமாரா 2,300 கோடி டன்னு, இப்ப 3,700 கோடி டன்னை தாண்டியாச்சு. 2025 நவம்பர்ல பிரேசில்ல பெலெம்னு ஒரு ஊர்ல முப்பதாவது தடவையா கூடறதா இருந்துச்சு. கூடட்டும். அங்க கூடினா இங்க ஆம்பூர்ல ஒரு கணக்குப்பிள்ளைக்கு எக்செல் ஷீட் வருது, அதுதான் பலன்னு நெனச்சிட்டே காட்பாடியில இறங்குனேன்.

இறங்குனதும் மூஞ்சியில அடிச்சுது பாருங்க அனலு. இந்த ஊரை வெயிலூர்னு சொல்றது பழைய ஜோக்குதான், ஆனா பத்து மணிக்கு பாலாத்துப் பாலத்துல ஆட்டோவுல போறப்ப ஜோக்கு மாதிரி இல்ல. கீழ ஆறு இல்ல, மணலு கூட இல்ல, முள்ளுச்செடிதான். கிரீன் சர்க்கிள் தாண்டுறதுக்குள்ள சட்டை முதுகோட ஒட்டிக்கிச்சு.

வீட்டுல அக்கா பழைய ஏசியை மாடி ரூமுக்கு மாத்திட்டு ஹாலுக்கு புதுசு போட்றதுக்கு மெக்கானிக்க வரச் சொல்லிருந்துச்சு. காகிதப்பட்டறை பக்கத்துப் பையன், இருபத்தஞ்சு வயசு இருக்கும். நான் சும்மா வேடிக்கை பாக்கலாம்னு மாடிக்குப் போனேன். போனது நல்லதாப் போச்சு.

பழைய ஏசிக்குள்ள குளிர வெக்கிறதுக்கு இருக்கிறது ஆர்-22ன்னு ஒரு கேஸ். அவன் நேரா பைப்பை கழட்டுவான்னு நெனச்சேன், ஆனா மொதல்ல ஏசியை ஓட விட்டான். அப்புறம் அவுட்டோர் யூனிட்டு பக்கத்துல குந்திகினு, அழுத்தம் காட்டுற கேஜை மாட்டிட்டு, ஒரு ஆலன் கீய சின்ன பைப்பு வால்வுல விட்டு மெதுவா மூடுனான். முள்ளு இறங்கிட்டே வருது, வருது, கிட்டத்தட்ட சைபருக்கு வந்ததும் டக்குனு பெரிய பைப்பு வால்வையும் மூடிட்டு "அக்கா, ஆஃப் பண்ணு" ன்னு கீழ பாத்து கத்துனான்.

"இன்னாப்பா பண்ண?" ன்னேன்.

"பம்ப் டவுன்ணா. கேஸ் பூரா இப்ப அவுட்டோருக்குள்ள போய் உக்காந்துகினு கீது. மேல மாட்டி தொறந்து உட்டா அதே கேஸ்ல ஓடும். முன்னலாம் நட்டை லூஸ் பண்ணி காத்துல உட்ருவோம், புஸ்ஸுனு பூடும், அப்பால புதுசா அடிச்சி காசு வாங்கிக்குவோம்."

"இப்ப மட்டும் ஏன் உடல?"

"ட்ரெயினிங்ல சொன்னாங்கணா. மெட்ராஸ்ல ரெண்டு நாளு, காசு இல்லாம, சாப்பாடு போட்டு, சர்ட்டிபிகேட்டும் குடுத்தாங்க. ஒரு கிலோ இத்த உட்டா ஆயிரத்து எட்நூறு கிலோ கார்பன் உட்ட கணக்காம்."

கணக்கு கரெக்டு. ஒரு கிலோ ஆர்-22 நூறு வருஷத்துல பண்ற சூடு, கிட்டத்தட்ட 1,800 கிலோ கார்பன் டை ஆக்சைடு பண்ற சூடு. ஒண்ணரை டன் ஏசிக்குள்ள சுமாரா ஒரு கிலோ கேஸ் இருக்கும். அக்காவோட ஸ்கூட்டியில 35,000 கிலோமீட்டர் ஓட்டினா எவ்ளோ வருமோ அவ்ளோவையும் ஒரு நட்டை லூஸ் பண்ணி ஒரு நிமிஷத்துல விட்றலாம். யோசிச்சுப் பாருங்க.

எனக்கு சுருக்குனு இருந்தது அந்த ட்ரெயினிங் விஷயம்தான். அது சும்மா வந்ததில்ல. 1987ல மான்ட்ரியல்ல ஓசோன் ஓட்டைக்காக ஒரு ஒப்பந்தம் போட்டாங்க, இன்னிக்கு உலகத்துல அதுல சேராத நாடு இல்ல. அதுல ஏழை நாடுகளுக்குனு தனியா ஒரு நிதி வெச்சாங்க, பணக்கார நாடுங்க போட்ற காசு, அந்தக் காசுலதான் நம்ம நாட்டுல மெக்கானிக்குகளுக்கு இந்த மாதிரி பயிற்சி நடக்குது. சேராத நாட்டோட ஓசோனைக் கெடுக்கிற கேஸ் வியாபாரமே கிடையாதுன்னும் எழுதி வெச்சாங்க, வெளிய நின்னா நஷ்டம் அவனுக்குத்தான். தேதியும் பக்காவா இருக்கு. ஆர்-22 மாதிரி கேஸ் நம்மள மாதிரி நாடுகள்ல 2030க்குள்ள போயிடணும். அதுக்கு பதிலா வந்த கேஸ் ஓசோனை ஒண்ணும் பண்ணாது ஆனா பூமியை சுடப் பண்ணும்னு தெரிஞ்சதும், 2016ல ருவாண்டாவுல கிகாலினு ஊர்ல கூடி அதையும் குறைக்கணும்னு திருத்தம் போட்டாங்க. இந்தியா 2021ல அதை ஏத்துக்கிச்சு. 2028ல இருந்து ஏறக்கூடாது, 2047க்குள்ள 85 சதவீதம் குறைக்கணும். ஹாலுக்கு வந்த புது ஏசி ஆர்-32, அதோட கணக்கு 675. அதுவும் கம்மி இல்ல, ஆனா 1,800க்கு 675 பரவால்ல.

காலையில ட்ரெயின்ல நான் போட்ட லிஸ்ட்டுல மான்ட்ரியல் பேரே இல்ல. மறந்தே போயிட்டேன்.

ரெண்டாம் நாள், வெள்ளி. ஆம்பூர்

காலையில பஸ்ஸு. பள்ளிகொண்டா, மாதனூர், ஆம்பூர், ஹைவேயில ஒண்ணும் சொல்றதுக்கில்ல, ஜன்னல் கம்பியில கைய வெக்க முடியல அவ்ளோதான். ஆம்பூர் கிட்ட வந்தா ரோட்டோரம் கம்பெனி பஸ்ஸு வரிசையா நிக்குது, சுத்து கிராமத்துப் பொம்பளைங்க டிபன் பாக்ஸோட இறங்குறாங்க. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைனு இந்தப் பட்டையே தோலும் ஷூவும்தான். ஒரு காலத்துல எல்லாம் வடாற்காடு, அப்புறம் வேலூர் மாவட்டம், 2019ல மூணா பிரிச்சதுல ஆம்பூர் திருப்பத்தூருக்குப் போச்சு. கவருமெண்டு எப்படி பிரிச்சாலும் தோல் நாத்தத்துக்கு எல்லை கிடையாது.

மாமா ரூம்ல ஃபேனுக்கு நேரா உக்காந்தோம். ஃபார்ம்ல மொத்தம் மூணு பங்கு. நீ நேரா எரிக்கிறது, நீ வாங்குற கரண்ட்டுக்காக எங்கயோ எரியறது, அப்புறம் தோலு, சோலு, லாரி, தொழிலாளி பஸ்ஸுனு மத்தவன் எரிக்கிறது. ஜெனரேட்டர் டீசல் பில்லை எடுத்து லிட்டருக்கு 2.68 கிலோ கார்பன் டை ஆக்சைடுன்னு பெருக்கப் போனா மாமா கைய புடிச்சிட்டாரு.

"இரு இரு. ஒரு லிட்டர் டீசலு வெயிட்டே ஒரு கிலோ வராது. புகை எப்டிடா ரெண்டே முக்கால் கிலோ வரும்? யாரை ஏமாத்துறானுங்க?"

நியாயமான கேள்விங்க, முப்பது வருஷம் கணக்கு எழுதின மனுஷன் கேக்க வேண்டிய கேள்வி. டீசல்ல இருக்கிற கார்பன் எரியும்போது காத்துல இருக்கிற ஆக்சிஜனை புடிச்சிக்குது, ஒவ்வொரு கார்பனுக்கும் ரெண்டு ஆக்சிஜன், கார்பன் 12 பங்கு வெயிட்டுன்னா ஆக்சிஜன் 32 பங்குன்னு ஒரு பேப்பர்ல போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பாத்துட்டு "அப்ப வெயிட்டுல பாதிக்கு மேல காத்தோடதுதான். சரி, எழுது" ன்னாரு. வவுச்சர் சரியா இருக்கு, பாஸ் பண்றேன்ங்கிற மாதிரி.

கரண்ட்டுக்கு வந்தா யூனிட்டுக்கு சுமாரா 0.7 கிலோ, இந்தியா முழுக்க சராசரி. கம்பெனி கணக்குல பாதிக்கு மேல இதுதான் வந்து நிக்குது. மாமாவுக்கு அதுல செம கோவம். "ஈபிக்காரன் நிலக்கரி எரிக்கிறானா காத்தாடியில எடுக்குறானானு எனக்கு எப்டி தெரியும், நான் போய் நிறுத்த முடியுமா?" ன்னு. கூரை மேல சோலார் போட்டா குறையும், மொதலாளி யோசிக்கிறாராம், ஆனா அதுக்கு முதல் போட்றது யாரு? பையருக்கு கணக்கு மட்டும் வேணும், ஜோடிக்கு பத்து ரூவா ஏத்திக் குடுனா மூச்சு விட மாட்டேங்கிறான்.

இதுல ஒரு குழப்பம் ஊரெல்லாம் ஓடுது, அதையும் எழுதிடறேன். ஐரோப்பா எல்லையில கார்பன் வரி போட்றான், ஷூவுக்கும் வரும்னு பேசிக்கிறாங்க. இப்போதைக்கு அந்த லிஸ்ட்டுல இரும்பு ஸ்டீல், அலுமினியம், சிமெண்ட், உரம், ஹைட்ரஜன், கரண்ட்டு, அவ்ளோதான். 2023 அக்டோபர்ல இருந்து ரிப்போர்ட் மட்டும், 2026 ஜனவரியில இருந்து காசு. தோலு, ஷூ அதுல இல்ல. நமக்கு வர்ற ஃபார்ம் பையரு அவனவன் கம்பெனியில போட்டுக்கிட்ட டார்கெட்டுக்காக. ஆனா இந்தியா ஏன் இந்த எல்லை வரியை எதிர்க்குதுன்னு ஆம்பூர்ல உக்காந்தா நல்லா புரியும். ஷூ போட்டுகினு நடக்கிறவன் ஜெர்மனியில, புகை எழுதறது நம்ம நாட்டுக் கணக்குல. 1992லயே பொறுப்பு எல்லாருக்கும் உண்டு ஆனா ஒரே அளவு கிடையாதுன்னு எழுதிதான் கையெழுத்து போட்டாங்க. ஒரு இந்தியனுக்கு வருஷத்துக்கு சுமாரா 2 டன், ஒரு அமெரிக்கனுக்கு 14 டன் கிட்ட. அந்தக் கணக்கை எல்லை வரி பாக்காது, டன்னை மட்டும்தான் பாக்கும்.

ஒரு கட்டம் மட்டும் காலியா நின்னுச்சு. "ஏசியில நிரப்பிய கேஸ், வகை, கிலோ." பில்லை தேடி எடுத்தோம், சர்வீஸ் பண்ணவன் "கேஸ் சார்ஜிங்" னு எழுதி ரூவா மட்டும் போட்டிருக்கான். என்ன கேஸ், எத்தினி கிலோ, ஒண்ணும் இல்ல. மாமா சைபர் போட்றான்னாரு. நான் வேணாம்னேன், நேத்து மாடியில பாத்ததுக்கு அப்புறம் அங்க சைபர் போட மனசு வரல.

மத்தியானம் பிரியாணி. அதைப் பத்தி எழுதினா இந்தக் கட்டுரை திசை மாறிடும். கத்திரிக்காயை ரெண்டாவது தடவை கேட்டு வாங்கினேன்னு மட்டும் சொல்லிக்கிறேன்.

மூணாம் நாள், சனி. விரிஞ்சிபுரம்

வெயில் ஏறுறதுக்கு முன்னாடி மாமா வண்டியில விரிஞ்சிபுரம் போனோம். திருவிரிஞ்சை மதிலழகுன்னு சொல்லுவாங்க, உண்மைதான், மார்க்கபந்தீஸ்வரர் கோயில் மதிலை நிமிந்து பாத்தா கழுத்து வலிக்கும். உள்ள நேரம் காட்டுற கல்லு ஒண்ணு இருக்கு, வரிசையா கோடு செதுக்கி. ஒரு ஈர்க்குச்சியை அதுல வெச்சோம், நெழலு எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவுல விழுந்துச்சு, மாமா வாட்சைப் பாத்துட்டு "எட்டரை, பேட்டரி இல்லாமயே ஓடுதுடா" ன்னு சிரிச்சாரு.

அங்க இருந்து ஆத்துக்கு. 2021 நவம்பர்ல இந்த பாலாத்துல தண்ணி போன போக்கு ஊர்ல பெரியவங்களே பாத்ததில்லனாங்க, வடுகந்தாங்கல் போற தரைப்பாலம் அடிச்சிகினு போச்சு. அதே நவம்பர் 19ஆம் தேதி விடியக்காலையில பேரணாம்பட்டுல மழையில வீட்டுச் சுவர் இடிஞ்சு தூங்கிட்டு இருந்த 9 பேர் போயிட்டாங்க, குழந்தைங்களும் அதுல. இப்ப நான் சொல்றது சும்மா தேதி ஒத்துமைதான், ஆனா எனக்கு மறக்க மாட்டேங்குது: கிளாஸ்கோ கிளைமேட் மாநாடு முடிஞ்சது நவம்பர் 13. கடைசி நிமிஷத்துல நிலக்கரியை ஒழிப்போம்ங்கிற வார்த்தையை படிப்படியா குறைப்போம்னு இந்தியா மாத்த வெச்சுது, சீனாவும் கூட நின்னுது, மாநாட்டுத் தலைவர் அலோக் சர்மா மைக் முன்னாடி தொண்டை அடைச்சு நின்னாரு. அது நடந்து ஆறு நாள்ல இங்க ஆறு கரையை தாண்டுச்சு.

ஒரு வார்த்தைக்கும் ஒரு வெள்ளத்துக்கும் முடிச்சு போட முடியாது, தெரியும். காத்து ஒரு டிகிரி சூடானா ஏழு சதவீதம் கூடுதலா ஈரம் புடிச்சிக்கும், பெய்யறப்ப மொத்தமா ஊத்தும், அந்த அளவுக்குத்தான் சொல்ல முடியும். நிலக்கரி விஷயத்துல இந்தியா பக்கம் நியாயம் இருக்குன்னுதான் அன்னிக்கு நெனச்சேன், பெட்ரோலும் கேஸும் எரிக்கிறவனை விட்டுட்டு நிலக்கரியை மட்டும் புடிச்சா எப்படி. இன்னிக்கும் அதேதான் நெனைக்கிறேன். ஆனா ஆத்தங்கரையில நின்னுகினு அதை சத்தமா சொல்லத் தோணல.

டீக்கடையில ஒரு பெரியவரு, அந்த வெள்ளத்துல நாலு மாடு போச்சாம். நான் நஷ்ட நிதி பத்தி சொன்னேன், 2022ல எகிப்துல ஒத்துகினாங்க, ஏழை நாட்டுக்கு வெள்ளம் புயல்னு வந்தா குடுக்கிறதுக்குனு தனியா ஒரு நிதி. கேட்டுட்டு டீயை ஆத்திகினே சொன்னாரு, "தம்பி, இந்த ஆறு கர்நாடகாவுல பொறக்குது, ஆந்திராவுல கொஞ்ச தூரம் ஓடுது, அப்பால நம்மகிட்ட. மைசூர்க்காரனும் மெட்ராஸ்க்காரனும் 1892லயே ஒப்பந்தம் போட்டுகினானுங்க. ஆந்திராக்காரன் இன்னிக்கும் தடுப்பணைய ஒசத்திகினுதான் கீறான், நாம கோர்ட்டுக்கு போய்கினுதான் கீறோம். மூணு பேருக்கே இந்தக் கதி, நீ இருநூறு பேரு சொல்ற."

பதில் சொல்ல ஒண்ணும் வரல. மான்ட்ரியல்னு வாயெடுத்தேன், மாமா கண்ணாலயே வேணாம்னாரு.

பணத்துல ஏமாத்துனது வேற கதை. 2020க்குள்ள வருஷத்துக்கு 10,000 கோடி டாலர் தர்றோம்னு பணக்கார நாடுங்க 2009ல சொன்னது, கணக்குப்படியே 2022லதான் மொத தடவை எட்டுச்சு, அதுலயும் நிறைய கடன். 2024ல அஜர்பைஜான் நாட்டு பாகுவுல 2035க்குள்ள வருஷத்துக்கு 30,000 கோடி டாலர்னு முடிச்சாங்க, கேட்டது அதுக்கு நாலு பங்குக்கு மேல. இந்தியா அங்கயே எழுந்து எதிர்ப்பு சொல்லுச்சு, முடிவாச்சுன்னு சுத்தியலைத் தட்டினதுக்கு அப்புறம்தான் பேச விட்டாங்க.

நாலாம் நாள், ஞாயிறு. ஒடுகத்தூர், திரும்ப காட்பாடி

சித்தப்பா நெலம் ஒடுகத்தூர் தாண்டி, ஜவ்வாது மலை அடிவாரம். கெணத்துல தண்ணி கொஞ்சம்தான், ஒரு துண்டு நெல்லு மட்டும் வெச்சிருக்காரு. வயல்ல தண்ணியை நிக்க விடாம காய்ச்சலும் பாய்ச்சலுமா விட்றாரு, விட்டு விட்டு. இது மீத்தேனைக் குறைக்கும் சித்தப்பா, தண்ணி நின்னுகினே இருந்தா அடியில காத்து போகாம ஒரு கிருமி மீத்தேன் போடும்னேன். "நான் கரண்ட்டு வர்ற நேரத்துக்கு உட்றேன்டா" ன்னாரு.

2030க்குள்ள மீத்தேனை 30 சதவீதம் குறைப்போம்னு 2021ல நூறு நாட்டுக்கு மேல சேந்து உறுதி போட்டாங்க. இந்தியா அதுல சேரல. நம்ம மீத்தேன் நெல்லுலயும் மாட்டுலயும் வருது, கையளவு நெலம் வெச்சிருக்கிறவனை என்ன பண்ணச் சொல்றதுங்கிறதுதான் காரணம். 1991லயே டெல்லியில சுற்றுச்சூழல் ஆராய்ச்சி பண்ண அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் இதைத்தான் கேட்டாங்க, ஒருத்தன் பொழைக்கிறதுக்கு விட்ற புகையையும் இன்னொருத்தன் சொகுசுக்கு விட்ற புகையையும் ஒரே தராசுல வெப்பியான்னு. சித்தப்பா வரப்புல நின்னு பாத்தா அந்தக் கேள்விக்கு வயசே ஆகல.

போன மாசம் ஒருத்தன் டை கட்டிகினு வந்து, இப்படி தண்ணி விட்டா கார்பன் கிரெடிட்டு (குறைச்ச புகைக்கு குடுக்கிற சீட்டு, கம்பெனிங்க வாங்கிக்கும்) வரும், காசு வரும்னு கையெழுத்து கேட்டானாம். கியோட்டோ காலத்துல இதே கிரெடிட்டு 2008ல ஒண்ணு 20 யூரோவுக்கு மேல போச்சு, 2012 முடியறப்ப ஒரு யூரோ கூட இல்லன்னு சொன்னேன். "அப்ப தக்காளி மாதிரி" ன்னுட்டு அந்தப் பேப்பரை மாட்டுக் கொட்டாய்ல சொருகி வெச்சிட்டாரு. கையெழுத்து போடுவாரா மாட்டாரானு சொல்ல முடியாது.

சாயங்காலம் காட்பாடி. பிளாட்பாரத்துல ட்ரெயினு நாப்பது நிமிஷம் லேட்டு, சிமெண்ட் பெஞ்சு இன்னும் சுடுது. மாமா கிட்ட இருந்து ஃபோன், நாளைக்கு ஃபார்ம் அனுப்பணும், அந்த ஏசி கட்டத்துக்கு இன்னா பண்றதுன்னு. கம்பெனிக்கு சர்வீஸ் பண்றவனைக் கேட்டா ஞாபகம் இல்லன்றானாம். எனக்கு ஒண்ணு தோணுச்சு, அக்கா கிட்ட நம்பர் வாங்கி அந்த மெக்கானிக் பையனுக்கு அடிச்சேன். எத்தினி ஏசி, எத்தினி டன்னு, எந்த வருஷம்னு சொன்னா ஒவ்வொண்ணுலயும் எவ்ளோ கேஸ் புடிக்கும்னு யூனிட்டு பின்னாடி ஸ்டிக்கர்லயே இருக்கும்ணா, அத்த போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க, நான் பாத்து சொல்றேன்னான். இனிமே நீயே அங்க சர்வீஸ் பண்ணா பில்லுல கேஸ் பேரும் கிலோவும் எழுதித் தருவியான்னு கேட்டேன்.

"எழுதிட்டா போவுதுணா" ன்னான். "இத்தினி வருஷத்துல யாரும் கேட்டதே இல்ல."